போதை மீட்பு சிகிச்சையும் ரகசியக் காப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை பெறுவோரின் முகங்களைச் சில மறுவாழ்வு மையங்கள் தங்கள் விளம்பரக் காணொளிகளில் தாராளமாகக் காட்டுவது கவலையளிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருப்பதால், அதன் 23ஆம் பிரிவு உறுதிசெய்யும் ரகசியக் காப்புரிமை இவர்களுக்கும் உரியது. நோயாளியின் இசைவின்றி அவரது புகைப்படத்தையோ பிற தகவல்களையோ ஊடகங்களுக்கு வெளியிடக்கூடாது என்றும், மின்னணு வடிவில் சேமித்த தகவலுக்கும் இது பொருந்தும் என்றும் 24ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. பிறருக்கு ஆபத்து நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகள் உண்டு. விளம்பரம் அவற்றில் ஒன்றல்ல.

கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று மையங்கள் சொல்லக்கூடும். சேர்க்கையன்று, கை நடுக்கத்தோடும் குடும்பத்தாரின் நெருக்குதலோடும் இடப்படும் கையெழுத்தை இசைவென்று எப்படி ஏற்பது? வேலை போய்விடும், மகளுக்கு வரன் அமையாது என்ற அச்சத்தாலேயே (அது வீண் அச்சமும் அல்ல) பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். மாநில மனநல ஆணையம், மையங்களை ஆய்வு செய்யும்போது அவற்றின் சமூக ஊடகப் பக்கங்களையும் பார்வையிட்டு, இசைவின்றிப் பதிவேற்றியவற்றை நீக்க உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.