கட்டிலை ஆட்டியவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் நன்றி

தில்லி முனிர்க்காவில் டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) குடியிருப்பில் எங்கள் பிளாக்கில் இருப்பவர்களுக்கும், பூகம்பம் வந்த அன்றும் அதற்கு இருபது நாள் கழித்தும் வந்து கைகொடுத்த வெளியாட்களுக்கும் வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். நன்றி சொல்ல வேண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தில்லிக்கு வந்து முப்பத்தோரு வருடமான பிறகும், என் இந்தியில் நன்றி சொன்னால் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுக்கிற மாதிரி இருக்கிறதாம். என் மகன் சொல்கிறான். அந்த இந்தியிலேயே எல்லோரிடமும் நேரில் சொல்லியாகிவிட்டது, இருந்தும் மனசு ஆறவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டாருக்கு எடுத்துச் சொன்னால் புண்ணியம்.

2025 பிப்ரவரி 17, திங்கள்கிழமை, விடிகாலை 5.36. நான் அடுக்களையில் பில்டரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது. கட்டடத்துக்கு அடியில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போகிற மாதிரி. என்ன ஏது என்று யோசிப்பதற்குள் கீழேயிருந்து யாரோ முட்டித் தூக்கியது போல ஒரு குலுக்கல். ஸ்டாண்டில் இருந்த டம்ளர்கள் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டன. பில்டரின் மேல்பாதி சரிந்து, டிகாஷன் மேடையெல்லாம் ஓடியது. வெளியே வேப்பமரத்துக் காக்கைகள் இருட்டிலேயே கத்திக்கொண்டு கிளம்பின. உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "யாருடி கட்டிலை ஆட்டுறது?"

அம்மாவுக்கு வயது 83. டிசம்பரில்தான் இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகியிருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போவாள், அவ்வளவுதான். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் கணவர் அந்த வாரம் ஊரில் இல்லை. மாடிப்படியில் தடதடவென்று எல்லோரும் இறங்குகிற சத்தம் கேட்டது. எனக்கு மூளை வேலை செய்யவில்லை. அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி, பாதி அணைத்தும் பாதி இழுத்தும் வாசல் வரை கொண்டுவந்துவிட்டேன்.

அங்கே நின்றுகொண்டிருந்தார் எதிர்வீட்டு மலையாளி சேச்சி. நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்தவர், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. படிக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தன் பாதித் தமிழில் சொன்னார்: "ஆடி முடிஞ்சாச்சு. இனி படியில வீணாத்தான் எல்லு (எலும்பு) ஒடியும். அம்மைய உள்ள கொண்டு போ." அம்மாவைத் திரும்பக் கட்டிலில் படுக்கவைத்தவரும் அவர்தான். கட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்தும் பரணுக்குக் கீழேயிருந்தும் நகர்த்தினார். இன்னொரு முறை ஆடினால் தலையணையைத் தலைமேல் வைத்து அமுக்கிக்கொண்டு அப்படியே கிடக்க வேண்டும், எழுந்திருக்கவே கூடாது என்று அம்மாவுக்கு இரண்டு தடவை செய்து காட்டினார். எழுந்து ஓட முடியாதவர்களுக்கு அதுதான் முறையாம். எனக்குத் தெரியாது. சேச்சி, அன்றைக்கு நீங்கள் மட்டும் படியை மறிக்காமல் இருந்திருந்தால், பூகம்பம் செய்யாததை நான் செய்திருப்பேன்.

அடுத்த நன்றி தரைத்தள சர்தார்ஜிக்கு. எல்லோரும் கீழே ஓட, அவர் மட்டும் மேலே ஏறி வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "காஸ் பந்த் கரோ, மாச்சிஸ் நஹீ" (காஸை மூடு, தீக்குச்சி வேண்டாம்) என்று கத்திக்கொண்டே வந்தார். எத்தனை பேர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தோம் என்று அவர் சொன்னபோதுதான் உறைத்தது. என் அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் மூடினார். சிந்திய டிகாஷனையும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதைப் பிறகுதான் கவனித்தேன்.

கீழே பார்க்கில் வேறொரு பூகம்பம் நடந்துகொண்டிருந்தது. "இன்னும் ஒரு மணி நேரத்தில் இதைவிடப் பெரியது வருகிறது, யாரும் வீட்டுக்குள் போகாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு. பிப்ரவரிக் குளிரில் குழந்தைகள் வெடவெடவென்று நிற்கிறார்கள், பெரியவர்கள் அந்தப் பதிவை ஆளுக்கு நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். நானும் அனுப்பினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அதை நிறுத்தியவர் குரங்குக் குல்லாயோடு வந்த வங்காளி தாதா. நிலவியல் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இத்தனை வருடம் அவரைப் பூனைகளுக்கு மீன் முள் போடுகிறவராகத்தான் எங்களுக்குத் தெரியும். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்னார். பூகம்பம் இன்ன மணிக்கு வரும் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. சின்னச் சின்னப் பின்னதிர்வு வரலாம், அதற்கு நேரம் குறிக்க யாராலும் முடியாது. இன்றைக்கு வந்ததன் அளவு 4.0, மையம் இங்கே பக்கத்தில் தௌலா குவானை ஒட்டி, ஆழம் வெறும் 5 கிலோமீட்டர். அதனால்தான் அந்த உறுமல், அந்தத் தூக்கிப்போடல். 2023 மார்ச் 21 ராத்திரி இதே பார்க்கில் நின்றோமே, அது ஆப்கானிஸ்தானில் இந்துகுஷ் மலைக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே நடந்தது. அளவு ஆறரைக்கு மேல், வெளிப்பட்ட சக்தி இதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததால் ஃபேன் ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடியது, அவ்வளவுதான். இது சின்னதுதான், ஆனால் நம் வீட்டு வாசலில் வெடித்த பட்டாசு.

அப்புறம் குதுப் மினார் கதைக்குப் போய்விட்டார். 1803-ல் வந்த பூகம்பத்தில் மினாரின் உச்சிக் கலசமண்டபம் விழுந்துவிட்டதாம். ராபர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் 1828-ல் தன் ரசனைக்கு ஒரு மண்டபம் கட்டி மேலே வைத்தார். அது பார்க்கச் சகிக்கவில்லை என்று 1848-ல் இறக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அது புல்வெளியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பல தடவை அதன் பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறோம், இப்படி ஒரு கதை இருப்பது தெரியாமலே. கதை முடிவதற்குள் பொழுது விடிந்துவிட்டது, குழந்தைகள் தூங்கிவிட்டார்கள், ஒரு மணி நேரமும் கடந்துவிட்டது. குரல்பதிவுக்காரர் சொன்ன பெரியது வரவில்லை. தாதா, வேண்டுமென்றேதான் அந்தக் கதையை அவ்வளவு நீட்டினீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

சென்னையிலிருந்து போன் மேல் போன். "அந்த ஊரை விட்டுவிட்டு இங்கே வந்துடுங்கோ" என்று பெரியம்மா பெண் அழுதாள். அம்மா போனை வாங்கி, "2001 செப்டம்பர்ல நான் மாம்பலத்துல இருந்தப்பவும்தான் ஆடித்து. புதுச்சேரிக் கடல்ல மையம்னு சொன்னா. அப்போ எங்கே ஓடினோம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அப்போதைய பூகம்ப அபாய வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலம், தில்லி அதைவிட ஆபத்தான நான்காம் மண்டலம், வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அதை அம்மாவிடம் யார் சொல்வது?

இதோடு முடிந்திருந்தால் மடல் சின்னதாகியிருக்கும். மார்ச் 9, ஹோலிக்கு முந்தின ஞாயிறு காலை, அதே பார்க்கில் ஒரு நீல்காய்.

அம்மாவிடம் "கீழே நீல்காய் வந்திருக்கு" என்றேன். "எந்தக் காய்? கிலோ என்ன விலை?" என்றாள். இந்தியில் காய் என்றால் பசு. பெயரில்தான் பசு, பிறப்பில் அது இரலை மான் வகை, ஆசியாவின் இரலை மான்களிலேயே பெரியது. பால்கனிக்கு அழைத்து வந்து காட்டியதும், "முகம் மாடு, உடம்பு குதிரை, தாடி ஆடு, இதென்னடி கோலம்" என்றாள். சாம்பல் நீலத்தில் முழு வளர்ச்சியடைந்த ஆண். அதன் தோள் நம் மார்பு உயரம் இருக்கும். ஜேஎன்யூ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் புதர்க்காட்டில் தூரத்திலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் பார்ப்பது வேறு.

தெருநாய்கள் துரத்தியதில் அது மிரண்டு, பையன்கள் கட்டியிருந்த பாட்மிண்டன் வலையில் பாய்ந்திருக்கிறது. கொம்பில் வலை, கழுத்தில் வலை, ஒரு முன்னங்காலிலும் வலை. இழுத்த இழுப்பில் ஒரு கம்பம் பெயர்ந்து பின்னாலேயே வந்தது. அது நகர்ந்தால் கம்பம் தரையில் டங்கென்று அடிக்கும், அந்தச் சத்தத்துக்கு இன்னும் மிரளும். மூக்கு விடைத்து, விலா ஏறி இறங்கி, வாயோரம் நுரை. சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர், கையில் மொபைல். ஒருத்தர் தட்டைத் தட்டினார், ஒருத்தர் செங்கல்லை எடுத்தார். "மிருகமெல்லாம் ஊருக்குள்ள ஓடி வருது, அடுத்த பூகம்பம் வரப்போகுது" என்று யாரோ ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே முதல் நன்றி கேட்டில் நிற்கும் பீகார்த் தம்பிக்கு. அவர் ஒன்றும் பேசவில்லை. பார்க் கேட்டை இழுத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். செங்கல் எடுத்தவர் யார் எவர் என்று பார்க்காமல் கையைப் பிடித்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு நாய்களைத் தெருமுனை வரை விரட்டினார். "உன் வேலை போய்விடும்" என்று ஒருவர் மிரட்டியதை நானே கேட்டேன். போகவில்லை, போகவும் விடமாட்டோம்.

உதவிக்கு முதலில் கூப்பிட்ட எண்ணில் "அது எங்கள் ஏரியா இல்லை" என்றார்கள். சரி, விடுங்கள். இரண்டாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தார். ஆள் வந்து சேர முக்கால் மணி ஆகும், அதுவரை ஒரே ஒரு காரியம் செய்யுங்கள், அதன் கண்ணில் நீங்கள் யாரும் படாமல் இருங்கள் என்றார். பயந்து பயந்து ஓடினாலே அந்த ஜாதி மிருகத்துக்குத் தசை வெந்துபோன மாதிரி ஆகிவிடுமாம். அப்போதைக்குத் தப்பித்தாலும் ஓரிரு நாளில் செத்துப்போகலாமாம்.

கண்ணில் படாமல் இருப்பது எப்படி? பார்க்கைச் சுற்றி இருப்பது கம்பிவேலி. அப்போதுதான் மூலையில் இஸ்திரி போடும் பையா தன் மூட்டையை அவிழ்த்தார். எங்கள் எல்லோர் வீட்டுப் படுக்கை விரிப்புகளும் மடித்து அடுக்கியிருந்தன. ஒன்றொன்றாக உதறி வேலியில் கட்ட ஆரம்பித்தார். இஸ்திரி போட்டு முடித்தவை, சூடுகூட ஆறாதவை. அத்தனையும் மறுபடி போட வேண்டும், கூலி கேட்கவில்லை. கேட்காததால்தான் கொடுத்தோம், வாங்கிக்கொள்ளவே பத்து நாள் ஆக்கினார். பூப்போட்டது, கட்டம் போட்டது, ஜெய்ப்பூர் யானை போட்டது என்று வேலி முழுக்க விரிப்பு. பத்து நிமிஷத்தில் கம்பம் அடிக்கிற சத்தம் நின்றது. பால்கனிகளில் நின்ற பிள்ளைகளை நாலாவது மாடி டீச்சர் வாயில் விரலை வைத்தே உள்ளே அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பிளாக்கில் குக்கர் விசில்கூட இல்லாமல் முக்கால் மணி நேரம் கழிந்தது அதுதான் முதல் தடவை.

வந்தவர்கள் நாலு பேர், அதில் ஒரு சின்னப் பெண் கால்நடை டாக்டர். மயக்க ஊசித் துப்பாக்கியை வெளியே எடுத்தார்கள், ஆனால் சுடவில்லை. நெருங்கிப் போய்க் கனமான துணியை அதன் தலைமேல் போட்டுக் கண்ணை மூடினார்கள். அவ்வளவு பெரிய உடம்பு சட்டென்று அசையாமல் நின்றதைப் பார்த்தபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது. வலையைக் கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார்கள். முன்னங்கால் காயத்துக்கு மருந்து போட்டு, பெட்டி வண்டியில் ஏற்றி, காட்டில் விட்டுவிட்டு போன் செய்து சொன்னார்கள். அந்த நாலு பேருக்கும், போனில் பேசிய பெண்ணுக்கும் எங்கள் எல்லோர் சார்பிலும் நன்றி.

பூகம்ப ஆரூடம் சொன்னவருக்கும் தாதாதான் பதில் கொடுத்தார். "முன்கூட்டித் தெரிந்து வருவதென்றால் பிப்ரவரி 16 அல்லவா வந்திருக்க வேண்டும், இருபது நாள் கழித்து யாராவது எச்சரிப்பார்களா?" இந்த ஊரில் மிருகம் வருவதற்குப் பூகம்பம் தேவையில்லை. 2023 டிசம்பரில் சைனிக் ஃபார்ம்ஸ் பக்கம் சிறுத்தை வந்தது. 2024 ஏப்ரலில் ஜகத்பூர் கிராமத்தில் ஒரு சிறுத்தை பலரைக் காயப்படுத்த, அதை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஆரவல்லி மலையின் வால்தான் தில்லிக்குள் நீண்டு கிடக்கும் ரிட்ஜ் காடு. அந்த வாலை ரோடு போட்டுத் துண்டு துண்டாக்கிவிட்டோம். அதே மலையின் பழம்பாறைகளில்தான் பூமிக்கு அடியில் விரிசல்களும் இருக்கின்றன. "ரெண்டுக்கும் சம்பந்தம் வேணும்னா அதுதான், ஒரே வீட்டுக்காரர்கள்" என்றார் தாதா. பூனைக்கு மீன் முள்ளும் போட்டார்.

இன்னொரு விஷயம். வேலியில் கட்டிய விரிப்புகளில் எல்லாம் உரியவர்களிடம் போய்விட்டன, ஒன்றைத் தவிர. பச்சையில் வெள்ளைப் பூப்போட்டது, டபுள் காட் அளவு. கொம்பு பட்டு ஓரத்தில் ஒரு சாண் கிழிந்திருக்கிறது. நுரைக்கறை போக இரண்டு முறை துவைத்து, கிழிசலை அம்மா படுத்தபடியே கையால் தைத்திருக்கிறாள், பச்சை நூல் கிடைக்காததால் நீலத்தில். மூன்றாவது மாடியில் வந்து வாங்கிக்கொள்ளவும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தால் காபி உண்டு.