ராஸ்பெரி பையில் பழைய புல்லட்டின் போர்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொடங்கிவைத்த, தொலைபேசி வழியே கணினியை அழைத்துச் செய்தி பரிமாறும் புல்லட்டின் போர்டு முறையை இன்று ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலேயே ஓட்டலாம். முதல் வேலை, பழைய பிளாப்பி வட்டுகளில் உள்ள செய்திக் கோப்புகளை நகலெடுப்பது. மென்பொருள் வேறெங்கும் கிடைக்கும். அந்த உரையாடல்கள் கிடைக்கா.

பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் முதல் சீரியல் போர்ட்டை மோடமாக்கி, 2323 என்ற நெட்வொர்க் போர்ட்டில் அழைப்பை ஏற்கச் செய்யுங்கள். வழக்கமான 23 வேண்டாம், லினக்ஸ் அதற்கு ரூட் (நிர்வாகி) உரிமை கேட்கும், ஊடுருவல் நிரல்கள் முதலில் தட்டுவதும் அதைத்தான்.

டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரலாக்கக் கருவியில் எழுதிய மென்பொருள் ‘ரன்டைம் எரர் 200’ என்று நின்றுவிடுவதுண்டு. தொடக்கத்தில் புராசஸர் வேகத்தை அளக்கும் வகுத்தலின் விடை 16 பிட்டில் அடங்காததே காரணம். டாஸ்பாக்ஸின் சைக்கிள்ஸ் (வேக) அளவைக் குறைத்தால் ஓடும். எழுத்துக்குறிகளால் வரைந்த படங்கள் சிதைந்தால் டெர்மினலின் எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்-8இலிருந்து டாஸ் காலத்துக் கோட் பேஜ் 437க்கு மாற்றுங்கள்.

– ஒரு வாசகர்