சேலத்து ஜவ்வரிசியை ரயிலில் அனுப்ப வாரம் ஒரு பார்சல் வேன் கேட்டு மனு

அனுப்புநர்:
சிறு சேகோ (ஜவ்வரிசி) ஆலை உரிமையாளர்,
அயோத்தியாப்பட்டணம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, சேலம் கோட்டம், சேலம்.

பொருள்: சிறு ஆலைகளின் ஜவ்வரிசியை மகாராஷ்டிரத்துக்கு ரயிலில் அனுப்ப வசதி கோருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் ஆலைக் களத்தில் நின்றால் விருத்தாசலம் தண்டவாளம் தெரியும். களத்தில் ஜவ்வரிசி காயும்போதே கூட்ஸ் வண்டி கடகடவென்று போகும். எங்கள் மூட்டை ஒன்றுகூட அதில் போனதில்லை. எல்லாம் லாரிதான்.

மகாராஷ்டிரத்தில் விரத நாளென்றால் ஜவ்வரிசி இல்லாமல் முடியாது. அதனால் நவராத்திரிக்கு முன்னால் எங்களுக்கு ஆர்டர் குவியும். அப்புறம் ஐப்பசி மழையும் சேர்ந்துகொள்ளும். போன ஐப்பசியில் நான் 250 மூட்டை ஏற்றி அனுப்பிய லாரி, முன்னால் நடந்த ஒரு விபத்தால் தொப்பூர் கணவாயில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டது. கொட்டுகிற மழை. தார்ப்பாய் ஓரமாகத் தண்ணீர் இறங்கி அடிவரிசை மூட்டைகள் நனைந்தன. ஜவ்வரிசியில் ஈரம் பட்டால் அவ்வளவுதான். மணிமணியாக உருண்டது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், புளித்த வாடை அடிக்கும், வெள்ளை நிறம் மங்கிவிடும். வாங்குபவர் 18 மூட்டைகளை எடுக்கவில்லை. லாரிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் சாப்பாடில்லாமல் அங்கேயேதான் கிடந்தார்.

சரி, ரயிலில் அனுப்பலாமென்றால் கணக்கு இடிக்கிறது. கூட்ஸில் அனுப்ப ஒரு ரேக்கை, அதாவது வேகன்கள் கோத்த வண்டியை, முழுசாக நிரப்ப வேண்டும். 42 வேகன் கொண்ட ஒரு முழு ரேக்கில் சுமார் 2,600 டன் ஏறும். எங்கள் மூட்டை 90 கிலோ. அப்படியானால் ஏறத்தாழ 29,000 மூட்டை வேண்டும். 20 வேகன் மினி ரேக்குக்கே 13,000-க்கு மேல் தேவை. ஒரே ஊருக்கு, ஒரே நாளில் இவ்வளவு சரக்கை எந்தச் சிறு ஆலைக்காரன் சேர்ப்பான்? மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ரேக் ரேக்காக வருகிறது, அது வரத்தான் வேண்டும். 2007 நவம்பர் 1-ல் சேலத்துக்கென்று தனிக் கோட்டம் வந்தபோது, நம்மைப் போன்றவர்களின் சரக்குக்கும் ஒரு வழி பிறக்கும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கை இன்னும் போகவில்லை.

நாங்கள் கேட்பது ஒரு பார்சல் வேன், அதாவது பயணிகள் ரயிலோடு இணைக்கும் ஒரு சரக்குப் பெட்டி. அதில் சுமார் 23 டன் ஏறும், எங்கள் கணக்கில் 250 மூட்டை, அதாவது ஒரு லாரி லோடு. கோவையிலிருந்து மும்பை குர்லாவுக்கு தினமும் போகும் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வாரம் ஒரு நாள், முன்கூட்டியே சேலத்தில் ஒரு வேனை நிறுத்தி, நாங்கள் லோடு ஏற்றி வைத்து, வண்டி வந்ததும் இணைத்தால் போதும். அந்த வண்டியில் தோதுப்படாது என்றால் வேறு பார்சல் வண்டியில் இடம் ஒதுக்கினாலும் சம்மதம். ஒரே வேனில் நான்கைந்து ஆலைகளின் மூட்டைகளைத் தனித்தனி ரசீதில் ஏற்ற அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டால் வேன் கிடைத்தும் எங்களுக்குப் பயனில்லை.

மூட்டை இறக்கி வைக்கும் இடத்தில் கூரையும் சிமெண்ட் தரையும் அவசியம். வேன் எப்போது நிற்கும் என்று முந்தின நாளே சொல்லிவிட்டால், சுமைதூக்கும் ஆட்களை நாங்களே கூட்டி வந்துவிடுவோம். கொக்கி போட்டு இழுத்தால் சாக்கு கிழிந்து மணி சிந்தும் என்பதால், கையால் தூக்கிப் பழகிய எங்கள் ஆட்களே ஏற்றட்டும்.

2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆத்தூர், தலைவாசல் பக்கமெல்லாம் மரவள்ளி போட்ட விவசாயிகளின் கிழங்கு விலையும் எங்கள் சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்வதைப் பொறுத்தே இருக்கிறது. நவராத்திரிக்கு முன்பு சோதனையாக நான்கு வாரம் மட்டும் விட்டுப் பாருங்கள். அந்த நான்கு வேன்களையும் நிரப்பித் தருவதாக எங்கள் பக்கத்து ஆலைக்காரர்களோடு சேர்ந்து எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வருகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சேகோ ஆலை உரிமையாளர்,
அயோத்தியாப்பட்டணம்.