பல் பயத்துக்கும் சிகிச்சை உண்டு

ஆசிரியருக்கு,

உலக வாய் நல நாளை (மார்ச் 20) ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மக்கள் பல் மருத்துவரிடம் போகாததற்குச் செலவையும் அலட்சியத்தையும் காரணமாகச் சொல்லியிருந்தது. பயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊசியையும் துளைக்கும் கருவியின் சத்தத்தையும் நினைத்தே சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் ஏராளம். என் அம்மா கிராம்புத் தைலத்தை வைத்தே காலம் தள்ளி, கன்னம் வீங்கிய பிறகுதான் கடைவாய்ப் பல்லை எடுக்கச் சம்மதித்தார். மருத்துவர் மூக்கு வழியாக, பயத்தைத் தணிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவையும் ஆக்சிஜனையும் கலந்து கொடுத்தார். அம்மா நினைவோடுதான் இருந்தார், கேட்டதற்குத் தலையசைத்தார். நடுக்கம் மட்டும் இல்லை. மரத்துப்போகும் ஊசி அப்புறமும் தேவைப்பட்டது, ஆனால் அதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

1844இலேயே ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த வாயுவைச் சுவாசித்துத் தன் பல்லையே பிடுங்கச் செய்தார். இத்தனை பழைய முறை நம் ஊர்களில் இன்னும் பலருக்குத் தெரியவே இல்லை. வாயுவை நிறுத்தி ஆக்சிஜன் கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிவு வந்துவிடும். மிடாசோலம் போன்ற, பதற்றத்தைத் தணித்துத் தூக்கக் கலக்கம் தரும் மருந்து கொடுத்தால் துணைக்கு ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. முழு மயக்கத்துக்கு மயக்கவியல் மருத்துவர் அவசியம். எது யாருக்குப் பொருந்தும் என்பதை, நோயாளியின் மற்ற நோய்களையும் மாத்திரைகளையும் கேட்டறிந்து மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவுகளில் நைட்ரஸ் ஆக்சைடு வசதியையும் அதற்குப் பயிற்சி பெற்றவர்களையும் அரசு உறுதிசெய்யலாம். முதல் நாள் நிரப்பும் படிவத்திலேயே, ‘பல் சிகிச்சை என்றால் உங்களுக்குப் பயமா?’ என்ற கேள்வியையும் சேர்க்கலாம்.

- வாசகி, கும்பகோணம்