நின்றே வேலை பார்ப்போரின் கால்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை மாசி வீதிகளின் ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் பெண்களில் பலர், கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து நெளியும் நரம்புச் சுருட்டலைச் சாதாரணக் கால்வலி என்று எண்ணி, தைலம் தேய்த்தே காலம் கடத்துவது வேதனை அளிக்கிறது. ரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றும் சிரைகளின் வால்வுகள் பழுதடைந்து, ரத்தம் காலிலேயே தேங்குவதால் வரும் இந்நோயைக் கவனிக்காமல் விட்டால், கணுக்கால் அருகே தோல் கறுத்து, எளிதில் ஆறாத புண்ணாகிவிடக்கூடும். தொடக்கத்தில் அழுத்தக் காலுறை வலியையும் வீக்கத்தையும் தணிக்கும். முற்றியவர்களுக்கு, பழுதான சிரையை லேசரால் அடைக்கும் சிகிச்சை உண்டு, பெரும்பாலோர் அன்றே எழுந்து நடக்கலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று தமிழக அரசு 2021-இல் சட்டத்திருத்தம் செய்த பின்னரும், பல கடைகளில் ஒரு முக்காலிகூடக் கண்ணில் படுவதில்லை. தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன்பே தொழிலாளர் துறையினர் கடைகளை நேரில் ஆய்வு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை