சலங்கையைத் தைத்து வைத்திருக்கிறேன்

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. "இனிமே கும்மிப் பயிற்சிக்குப் போகலம்மா, அந்தக் குழுவே வேற மாதிரி ஆயிருச்சு" என்றாய். நான் வாய் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். இதைப் போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் கோபத்தில் தப்பில்லை. உங்கள் பெங்களூர்க் குழுவில், கல்யாண வரவேற்பில் கால் மணி நேரம் ஆட எட்டுப் பேர் போதும், அதுவும் இளவயசுக்காரர்களாகப் பார்த்து அனுப்பலாம் என்று முடிவு செய்தார்கள். முதல் நாளிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த ஈரோட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கேட்டபோது எனக்கும் சுருக்கென்றது. ஆனால் அதற்காக நீ விலகுவது சரியில்லை, கண்ணு.

உன் அப்புச்சி காலத்தில் வள்ளி கும்மி ஆண்கள் ஆடுவது. கோயில் வாசலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய ஆடுவார்கள். தினைப்புனம் காக்கிற வள்ளி, வேடனாய் வந்து வேங்கை மரமாய் நின்று கடைசியில் கிழவனாய் வந்து தேன் கேட்கிற முருகன், யானையாய் வந்து தம்பிக்கு உதவுகிற பிள்ளையார் என்று கதை முழுக்கப் பாட்டிலேயே போகும். பெண் பிள்ளைகள் நாங்கள் திண்ணை ஓரமாக நின்று பார்ப்போம். கை தானாகத் தட்டும். அம்மா பார்த்தால் முறைப்பாள். வள்ளியின் கதையை ஒரு பெண் பிள்ளை ஆட முடியாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அதை மாற்றியவர்களில் ஒருவர் நம் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயா. ஆண்கள் மட்டும் ஆடிய இந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயசு 87. அன்று டிவியைப் பார்த்துக்கொண்டு நான் அழுதது உனக்குத் தெரியும், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். ஒரு மனுஷர் தன் பாட்டையும் அடியையும் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தாரே என்றுதான் அழுதேன்.

நான் சலங்கை கட்டியபோது எனக்கு 42 வயசு. சாயங்காலம் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு ஏழு மணிக்குப் போவேன். முதல் வாரம் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஆசிரியர் ஓரடி பாடுவார், நாங்கள் வாங்கிப் பாட வேண்டும், பாடிக்கொண்டே திரும்ப வேண்டும், திரும்பும்போது கைத்தட்டு விழ வேண்டும். நான் தப்பாகத் திரும்பினால் முன்னால் போகிறவளின் காலைப் பார்ப்பேன். அவள் தப்பினால் பின்னால் வருகிறவள் மெல்ல "வலது, வலது" என்பாள். நாற்பது நாள் இப்படித்தான். அரங்கேற்றத்தன்று சலவைக்காரர் வீட்டுப் பெண்ணும், பஞ்சாயத்துத் தலைவர் மருமகளும், நூற்பாலைக்குப் போகிற மூன்று பிள்ளைகளும், நானும் ஒரே நிறப் புடவையில் ஒரே வட்டத்தில் நின்றோம். நம்ம ஊரில் அதற்கு முன்னால் அப்படி எதற்கும் நின்றதில்லை. யார் வந்து கேட்டாலும் சேர்த்துக்கொள்வோம், காசு வாங்கி ஆட மாட்டோம், வருஷத்துக்கு ஒரு தடவை பங்குனி உத்திரத்தில் முழுக் கதையையும் ஆடுவோம் என்று அன்று கோயில் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டோம்.

அந்தக் குழு ஏன் நின்றுபோனது என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. மூன்றாம் வருஷம் வெளியூரிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். வேனில் இருபது பேர்தான் போக முடியும். யாரை விடுவது? நன்றாக ஆடாதவர்கள், வயசானவர்கள், புதுப் புடவைக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் என்று ஒவ்வொருவராக நின்றார்கள். எனக்கு இடம் இருந்தது. அதனால் பேசாமல் இருந்தேன். அப்புறம் எனக்கே பிடிக்காமல் போனபோது, சண்டை எதுக்கு என்று நானும் நின்றுவிட்டேன். ஆரம்பத்தில் பேசிக்கொண்டதை ஞாபகப்படுத்த உள்ளே ஒருத்தரும் மிச்சம் இல்லை. அடுத்த பங்குனிக்கு முழுக் கதை ஆட ஆளில்லை. நான் பேசியிருந்தால் நிற்காமல் இருந்திருக்குமா, அது தெரியாது. பேசாமல் விலகியது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

நீ பெங்களூருக்குப் போன முதல் வருஷம் மொட்டை மாடியில் ஆறு பேர் ஆடுகிற வீடியோ அனுப்பினாய். கரூர் பிள்ளை, திருப்பூர் தம்பி, பக்கத்து வீட்டுக் கன்னடப் பெண். அவளுக்குப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னாய். அதை எத்தனை பேருக்குக் காட்டினேன் தெரியுமா? பெருந்துறையில் ஒரு தடவை ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே இடத்தில் ஆடினார்கள். அதைப் பார்த்தபோதுகூட எனக்கு உங்கள் மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொன்னாய். கும்மி மேடையில் பிள்ளைகளை நிறுத்தி, சாதிக்குள்தான் கல்யாணம் செய்வோம் என்று உறுதிமொழி எடுக்கவைத்த வீடியோவை உங்கள் குழுவில் ஒருத்தர் போட்டு, நாமும் செய்யலாம் என்றாராம். அங்கே மட்டும் நீ வாயை மூடிக்கொண்டு வரக் கூடாது. வள்ளி வேடர் வீட்டில் வளர்ந்தவள். முருகன் யார்? வள்ளியின் அப்பா நம்பிராஜன் ஆட்களோடு துரத்திக்கொண்டு வந்து செத்து விழுந்தபோது, அவரை உயிரோடு எழுப்பியவளும் அவர் மகள்தான். எழுந்து வந்து அவரே கல்யாணத்தை நடத்துகிறார். இந்தக் கதையைப் பாடிய வாயால் அந்த உறுதிமொழியைச் சொன்னால் பாட்டு யாருக்கு? இதை அவர்களிடம் நீ கேட்கத்தான் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் கேட்காதே. அடுத்த ஞாயிறு பயிற்சிக்குப் போ. ஆடி முடித்து, வேர்த்து, எல்லாரும் தண்ணீர் குடிக்க உட்காருவார்கள் அல்லவா, அப்போது பேசு. வரவேற்புக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் போகட்டும், அதைத் தடுக்காதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் யாருக்கும் இடம் இல்லை என்று சொல்லக் கூடாது, பங்குனி உத்திரத்துக்கு முழுக் கதை ஆட வேண்டும். இந்த இரண்டையும் விடாதே. அதற்கு முன்னால் அந்த ஈரோட்டு அம்மா வீட்டுக்குப் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு போ. அவர் வர மாட்டேன் என்றால் எனக்குப் போன் போட்டுக் கொடு, நான் பேசுகிறேன்.

நீ விட்டுப்போன சலங்கையை எடுத்துப் பார்த்தேன். இடது காலில் மூன்று மணி உதிர்ந்திருந்தது. என் சலங்கையிலிருந்து மூன்றைப் பிரித்துத் தைத்திருக்கிறேன், சத்தம் கொஞ்சம் மாறித்தான் கேட்கும். உன் மாமா பையன் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். முறுக்கும் வைத்திருக்கிறேன், பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் கொடு.

அன்புடன்,
அம்மா