முகூர்த்தத்தை முந்திக்கொண்ட வரவேற்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண ஏற்பாடுகள் குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் மண்டபம், சமையல், அலங்காரம், ஒளிப்பதிவு என எல்லாவற்றுக்கும் விரிவான இடம் இருந்தது. முகூர்த்தத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி. வீடுகளில் நடப்பதும் ஏறத்தாழ அப்படித்தான் என்பதால் கட்டுரையாளரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், மரபுப்படி கல்யாணம் செய்ய வேண்டும் என்று விரும்பி, சடங்குகளை நடத்திவைக்க வாத்தியாரை அமர்த்தும் குடும்பங்களே, அந்தச் சடங்குகளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அவரிடம் கடைசியில்தான் கேட்கின்றன.

சிக்கலின் வேர் முந்தின நாள் மாலை நடக்கும் வரவேற்பு. முதல் நாள் பிற்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் காலி செய்வது என்ற கணக்கில்தான் நம் பக்கத்தில் பல மண்டபங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆடியும் மார்கழியும், பலருக்குப் புரட்டாசியும் கழிந்து, எஞ்சிய மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களுக்கே எல்லோரும் போட்டியிடுவதால், கூடுதலாக ஒரு வேளை கேட்டால் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை. ஆகவே கல்யாணத்துக்கு முன்பே வரவேற்பு முடிந்துவிடுகிறது. தாலி ஏறும் முன்பே இருவரையும் தம்பதியாக மேடையேற்றி வாழ்த்துவது முறையா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. உடம்பு தாங்க வேண்டாமா என்பதே என் கேள்வி. இரவு 11 மணி வரை நின்றபடியே பரிசு வாங்கிப் படத்துக்கு முகம் காட்டிய பெண், முகூர்த்தம் 4.30 முதல் 6 மணி வரை என்றால், 2 மணிக்கே எழுந்து தலையலங்காரத்துக்கு உட்கார வேண்டும். அண்மையில் எங்கள் உறவில் நடந்த கல்யாணத்தில், ஹோமப் புகைக்கு எதிரே அமர்ந்திருந்த மணப்பெண் கண் செருகிப் பக்கத்திலிருந்த அத்தையின் தோளில் சாய்ந்துவிட்டாள். கொஞ்சம் சிரிக்கச் சொல்லி ஒளிப்பதிவாளர் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாலி கட்டும் வேளையில் முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிவது கேமராக்காரர்களின் முதுகுதான். இரண்டாவது, மூன்றாவது முடிச்சைப் போட வேண்டிய நாத்தனார் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. கெட்டிமேளம் ஓய்ந்து அட்சதை விழுந்ததும் கூட்டம் பந்திக்கு எழுந்துவிடும். மணமக்கள் ஏழு அடி எடுத்து வைக்கும் சப்தபதியும் அம்மி மிதித்தலும் அதற்குப் பிறகுதான். அடுத்த மண்டபத்துக்குப் போக வேண்டிய அவசரத்தில் வாத்தியாரும், மொய் கொடுக்க வரிசையில் நிற்பவர்களைக் காக்க வைக்க மனமில்லாத பெற்றோரும் சேர்ந்து அவற்றைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும், சப்தபதி இடம்பெறும் திருமணத்தில் அக்கினி முன் ஏழாவது அடியை எடுத்து வைக்கும்போதுதான் திருமணம் முழுமையடைகிறது என்று 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு சொல்கிறது. ஆடல் பாடலுக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சியல்ல இந்துத் திருமணம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. சடங்கு வேண்டாம் என்பவர்களுக்கு, 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் என்ற தெளிவான வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்போர் மாலை மாற்றிக்கொண்டு நிம்மதியாக மணம் முடிக்கிறார்கள். சடங்கும் வேண்டும், அதற்கு நேரமும் தர மாட்டோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நாள் குறித்ததும் வாத்தியாரிடம் உட்கார்ந்து, எந்தச் சடங்குக்கு எவ்வளவு நேரம் என்று எழுதி வாங்கி, அதற்கேற்ப மற்றவற்றை அமைத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஒளிப்பதிவாளர்கள் எங்கே நிற்கலாம் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி முடித்துவிடலாம். வரவேற்பை முகூர்த்த நாளன்று மாலைக்கோ, முன்பு பல குடும்பங்கள் செய்ததைப் போல மாப்பிள்ளை ஊரில் பிறிதொரு நாளுக்கோ மாற்றலாம். முதல் நாள் இரவு தொடங்கி முகூர்த்த நாள் இரவு வரை என்றொரு வாடகை முறையை மண்டப உரிமையாளர்களும் வைத்தால், அதைக் கேட்டு வருபவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

தங்கள் கட்டுரையுடன் வெளியான ஏற்பாட்டுப் பட்டியலில் வாத்தியாரும் நாதஸ்வரக் குழுவும் தாம்பூலப் பைக்கும் கீழே இருக்கிறார்கள். அடுத்த முறை அந்தப் பட்டியலை வெளியிடும்போது அவர்களை மண்டபத்துக்கு அடுத்த வரிக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தஞ்சாவூர்